அடிமனை விற்பனைக்கு இல்லை: அலபாமாவின் ஃபேர்ஹோப்

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், மொபீல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஃபேர்ஹோப் என்று ஓர் ஊர். (மொபீல் என்பதுதான் உச்சரிப்பு, கைப்பேசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அந்த ஊர்க் கடைத்தெருவை ஒட்டி ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வையுங்கள். பேரம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, பத்திரத்தைப் படிக்க உட்காரும்போது ஒரு விஷயம் தெரியவரும். நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டும்தான். கட்டடம் நிற்கும் மண் உங்களுக்கு வராது. அது ‘ஃபேர்ஹோப் ஒற்றை வரிக் கழகம்’ என்ற அமைப்புக்குச் சொந்தம். உங்களுக்குக் கிடைப்பது 99 வருடக் குத்தகை. அதற்கு வருடாவருடம் வாடகை கட்ட வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஸ்ரீரங்கத்தில் அடிமனை கோவிலுக்கு, மேலே இருக்கும் வீடு குடியிருப்பவருக்கு என்று ஒரு நெடுநாள் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறதே, பார்ப்பதற்கு அதே ஏற்பாடுதான். ஆனால் ஃபேர்ஹோப்பில் சாமி கிடையாது. சாமி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருளாதாரக் கொள்கை உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கழகத்தின் கையில் 4,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. குத்தகைகள் சுமார் 1,800.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதன் விநோதங்களை வரிசையாக அடுக்குவார்கள்: பரீட்சையே வைக்காத பள்ளிக்கூடம், வெறுங்காலோடு திரிந்த கிழவர் கட்டிய உருண்டை வீடு, ராத்திரியில் தானாகக் கரையேறும் மீன்கள். மீன் விஷயம் இயற்கையின் வேலை, அதை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் அந்த அடிமனையில் முளைத்தவை என்பது என் எண்ணம். அதனால் நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1879இல் ஹென்றி ஜார்ஜ் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையாளர் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற புத்தகத்தை எழுதினார். ரயில் வருகிறது, ஆலை வருகிறது, நகரம் வளர்கிறது. அப்படியிருந்தும் ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. பதிலை அவர் நிலத்தில் கண்டார். ஒரு காலி மனையை ஒருவர் வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். பத்து வருடத்தில் பக்கத்தில் சாலை வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, சனம் குடியேறுகிறது. மனையின் விலை பத்து மடங்காகிறது. அவர் ஒரு செங்கல் எடுத்து வைக்கவில்லை. விலையை ஏற்றியது சுற்றியிருந்த ஊர். லாபம் மட்டும் அவருக்கு. அப்படியானால் நிலத்தின் மதிப்பால் வரும் வாடகையை ஊரே வரியாக எடுத்துக்கொள்ளட்டும். உழைப்பின் மீதும், கட்டடத்தின் மீதும், சரக்கின் மீதும் போடுகிற வரிகள் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்றார் ஜார்ஜ். ஒரே ஒரு வரி போதும். அதனால்தான் ‘ஒற்றை வரி’ என்ற பெயர்.

புறவழிச்சாலை வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் ஓடிப்போய் மனை வளைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். இன்னொன்றும் சொல்லலாம். சின்ன வயதில் பொம்மைப் பணம் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வாங்கி விளையாடினோமே, ‘பிசினஸ்’ என்றும் ‘டிரேட்’ என்றும் சொல்வோம், அதன் மூலவித்து எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904இல் காப்புரிமை வாங்கிய பலகை விளையாட்டு. அவர் ஜார்ஜின் சீடர். வாடகையால் ஒருவர் கொழுத்து மற்றவர்கள் திவாலாவது எவ்வளவு அநியாயம் என்று காட்டுவதற்காக அதை உருவாக்கினார். ஆடியவர்கள் கற்றுக்கொண்டது வேறு.

சரி, அலபாமாவுக்கு வருவோம். அயோவா மாநிலத்தின் டெ மொயின் நகரில் எர்னஸ்ட் காஸ்டன் என்று ஒருவர் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். 1890களில் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. விவசாயிகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். கூடி வாழும் குடியிருப்புகள் அமைத்துப் பார்த்த பலரும் தோற்றிருந்தார்கள். ஏன் தோற்றார்கள் என்று காஸ்டன் உட்கார்ந்து படித்தார். எல்லாவற்றையும் பொதுவாக்கியதால் யாருக்கும் உழைக்கும் உற்சாகம் இல்லாமல் போய்விட்டது என்பது அவருடைய முடிவு. நிலம் பொதுவாக இருக்கட்டும். அதன் மேல் அவரவர் உழைத்துச் சம்பாதிப்பது அவரவருக்கு. இந்தக் கலவைக்கு அவர் ‘கூட்டுறவுத் தனிமனிதவாதம்’ என்று பெயர் வைத்தார். பெயர் வாயில் நுழையாது, யோசனை நன்றாகவே நுழைந்தது.

1894 நவம்பரில் சிறுவர்களையும் சேர்த்து இருபத்தெட்டு பேர் விரிகுடாக் கரைக்கு வந்து இறங்கினார்கள். ‘இது வெற்றி பெற ஓரளவு நல்ல நம்பிக்கை இருக்கிறது’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, ‘நல்ல நம்பிக்கை’ என்று பொருள்படும் ஃபேர்ஹோப் என்ற சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்பார்கள். புதிய ஊர் வைக்கிறவர்கள் சொர்க்கம், விடுதலை என்று பெரிய பெயராகத் தேடுகிற வழக்கத்துக்கு நடுவே, ‘ஏதோ ஓரளவு நடக்கும்போலிருக்கிறது’ என்கிற இந்தப் பெயரின் அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் வாங்கிய நிலம் 132 ஏக்கர். விலை 771 டாலர். ஏக்கருக்கு ஆறு டாலர்கூட இல்லை. மண் சத்தில்லாதது, பைன் மரக் காடு, ரயில் கிடையாது. மொபீல் நகரத்திலிருந்து படகில்தான் வர வேண்டும். கையில் காசு இல்லாததால் இதுதான் கட்டுப்படியாயிற்று. ஆனால் அவர்களுடைய கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. மண்ணுக்கு என்று தனியே மதிப்பில்லை, மனிதர்கள் வந்துதான் மதிப்பை உண்டாக்குகிறார்கள் என்று நிரூபிக்கக் கிளம்பியவர்கள், மதிப்பே இல்லாத மண்ணில் தொடங்குவதுதானே முறை?

முதல் வேலையாக 1895இல் ஒரு படகுத்துறை கட்டினார்கள். அப்புறம் பொதுக்கடை, தண்ணீர், தொலைபேசி, சொந்தமாக ஒரு நீராவிப் படகு. நாணயத் தட்டுப்பாட்டுக்குக் காலனியே, அதாவது இந்தக் குடியிருப்பே, சீட்டுப்பணம் அச்சடித்துப் புழங்கியது. பெண்களுக்கு ஆண்களைப் போலவே காலனியில் வாக்கு; அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு அந்த உரிமை வர 1920 ஆயிற்று. நிலம் வாங்கப் பணம் போதாதபோது கைகொடுத்தவர் ஜோசப் ஃபெல்ஸ், பெரிய சோப்பு முதலாளி. நில வாடகையில் யாரும் கொழுக்கக் கூடாது என்ற கொள்கைக்கு சோப்பு லாபம் உதவியது. 1904இல் அமைப்பு ‘ஒற்றை வரிக் கழகம்’ என்ற இன்றைய பெயரில் பதிவானது. 1908இல் ஊருக்குத் தனி நகராட்சி வந்தது.

விநோதம் என்னவென்றால், ஹென்றி ஜார்ஜே இந்த முயற்சிக்கு ஆசி வழங்கவில்லை. நாடு முழுக்கச் சட்டமாக வர வேண்டிய ஒன்றை ஒரு மூலையில் நூறு ஏக்கரில் செய்து பார்த்து என்ன பயன் என்பது அவருடைய எண்ணம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அலபாமா அரசும், கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகமும் போடும் வரிகளை ஒரு காலனி ஒழித்துவிட முடியாது. அதனால் ஒரு சுற்றுவழி: குத்தகைக்காரரிடம் நில வாடகையை வாங்கி, நிலத்துக்கான அரசு வரியைக் கழகமே கட்டிவிடும், நிர்வாகச் செலவு போக மிஞ்சுவது பூங்கா, நூலகம் என்று ஊர்ப் பொதுக் காரியங்களுக்குப் போகும். ஒற்றை வரியின் நாடக ஒத்திகை என்று சொல்லலாம். ஒத்திகை நூற்று முப்பது வருடமாக நடக்கிறது.

இப்போது யோசியுங்கள். மனை வாங்கக் காசு வேண்டாம், வாடகை கட்டினால் போதும் என்று ஓர் ஊர் சொன்னால், யார் யார் வந்து சேருவார்கள்? தலையில் யோசனையும் சட்டைப்பையில் ஓட்டையும் உள்ளவர்கள்தான். சோசலிஸ்டுகள், பெண் உரிமைக்காரர்கள், கல்விச் சீர்திருத்தக்காரர்கள், டால்ஸ்டாய் பக்தர்கள் என்று வடக்கிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சுற்றிலும் பழமையில் ஊறிய தெற்கத்திக் கிராமங்கள். நடுவில் இந்தக் கூட்டம்.

மேரி ஹவ்லேண்ட் என்ற பெண்மணி 1899இல் வந்தார். மெக்சிகோவில் டோபோலோபாம்போ என்ற இடத்தில் இதே போன்றதொரு கனவுக் குடியிருப்பில் இருந்து, அது கலைந்த பிறகு இங்கே வந்தவர். கூடவே கணவர் சேர்த்து வைத்த புத்தகங்கள் ஆயிரத்துக்கு மேல். அவருடைய வீடே ஊர் நூலகம் ஆயிற்று. அங்காடித் தெருவே சரியாக அமையாத ஊருக்கு நூலகம் வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய கதை மரியட்டா ஜான்சன். மினசோட்டாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தான் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்த முறையே குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு கட்டத்தில் அவருக்குத் தோன்றிவிட்டது. 1907இல் ஃபேர்ஹோப்பில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது. எட்டு ஒன்பது வயதுவரை எழுத்துப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் கிடையாது. அதற்குப் பதில் மரவேலை, களிமண், தோட்டம், நாட்டார் நடனம், ஊருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஓடைப்பள்ளத்தில் சுற்றித் திரிவது. பிள்ளை நன்றாகப் படிக்கிறானா என்று கேட்டால், தூங்குகிறானா, சிரிக்கிறானா என்று பதிலுக்கு விசாரிக்கிற பள்ளிக்கூடம். எல்கேஜி சேர்க்கைக்கு நேர்முகத்தேர்வு வைக்கிற ஊர்களிலிருந்து பார்த்தால் தலை சுற்றும்.

1913 முடிவில் தத்துவவாதி ஜான் டூயி தன் மகனோடு நேரில் வந்து பார்த்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்த அதே டூயி. பார்த்ததை 1915இல் மகளோடு சேர்ந்து எழுதிய கல்விப் புத்தகத்தில் பாராட்டி எழுதியதும் பள்ளியின் பெயர் நாடெங்கும் பரவியது. வார்டன் எஷரிக் என்ற ஓவியர் 1919இல் இங்கே ஓவியம் கற்றுக்கொடுக்க வந்தார். இங்கே கைக்கு வந்த ஒரு செட் உளிகளால் மரம் செதுக்க ஆரம்பித்து, பிறகு அமெரிக்காவின் முக்கியமான மரச் சிற்பிகளில் ஒருவரானார். குளிர்காலம் வந்தால் எழுத்தாளர்களும் வந்தார்கள்: அப்டன் சிங்கிளேர், ஷெர்வுட் ஆண்டர்சன். வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவும் வந்து தங்குவார். அந்தப் பள்ளி சின்னதாக இன்றும் நடக்கிறது.

இவ்வளவு நல்ல ஊராக இருக்கிறதே என்று நினைக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அலபாமாவில், 1894இல், கறுப்பர்களுக்கு இந்தக் காலனியில் இடம் இருந்ததா? இல்லை. நிலத்தின் மீது மனிதர் எல்லோருக்கும் சம உரிமை என்ற கொள்கையில் எழுந்த ஊர், வெள்ளையருக்கு மட்டும் என்று நடந்தது. பரீட்சை இல்லாத அந்தப் பள்ளியிலும் கறுப்புக் குழந்தை கிடையாது. காஸ்டனுக்கு இந்த முரண் தெரியாமல் இல்லை. அக்கம்பக்கத்துப் பகையைச் சம்பாதித்தால் சோதனையே அழிந்துவிடும் என்பது அவருடைய பக்கத்துச் சமாதானம். முதலில் ஊர் நிலைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானத்தை எத்தனையோ சீர்திருத்தக்காரர்கள் சொல்லி நாமும் கேட்டிருக்கிறோம். அந்தப் ‘பிறகு’ காலனிக்குத் தானாக வரவில்லை. காஸ்டனின் பேரன் பால் காஸ்டன் ஃபேர்ஹோப்பில் பிறந்து அந்தப் பள்ளியில் படித்தவர். பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1963இல் சார்லட்ஸ்வில் நகரில், கறுப்பர்களுக்குச் சாப்பாடு போட மறுத்த உணவகத்தின் முன் மறியலுக்கு நின்று அடி வாங்கினார். தாத்தாவின் ஊரைப் பற்றி, இந்தக் கறையையும் மறைக்காமல், அதிகமாக எழுதியவரும் அவர்தான்.

இனி மீன். கோடையில், பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன்னால், இந்தக் கிழக்குக் கரையில் ‘ஜூபிலி’ நடக்கும். நமக்கு ஜூபிலி என்றால் இருபத்தைந்து வாரம் ஓடிய படம். இங்கே அது கடலே வாசலில் கொண்டுவந்து கொட்டும் விருந்து. நம் நாக்கு மீனைப் போலத் தட்டையான ஃப்ளவுண்டர், நீல நண்டு, இறால், விலாங்கு எல்லாம் முழங்கால் ஆழத் தண்ணீரில், கரையை ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வந்து குவியும். நண்டுகள் படகுத்துறைத் தூண்களில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே ஏறித் தொற்றிக்கொள்ளும். விலாங்குகள் வாலை மணலில் புதைத்துக்கொண்டு தலையை மேலே நீட்டி நிற்கும். எதற்கும் ஓடத் தெம்பில்லை. முதலில் பார்த்தவர் ‘ஜூபிலி!’ என்று கத்த வேண்டியது. அல்லது தொலைபேசியில் ஒருவர் இன்னொருவரை எழுப்ப வேண்டியது. ராத்திரி உடையோடே வாளி, அண்டா, விளக்கு, மீன்குத்தும் ஈட்டி சகிதம் தெரு இறங்கி வந்துவிடும்.

காரணம் இதுதான். ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் இலைதழையெல்லாம் விரிகுடாவின் அடியில் அழுகும். மேலே லேசான நன்னீர், கீழே கனமான உப்புநீர். காற்று அசைவில்லாத நாளில் இரண்டும் கலக்காது. அழுகல் வேலையில் அடித் தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து வீசும் மெல்லிய கீழ்க்காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ள, ஏறும் ஓதமும் சேர்ந்துகொண்டால், மூச்சில்லாத அடித் தண்ணீர் கரையை நோக்கி வரும். தரையோடு வாழும் மீனும் நண்டும் அதற்கு முன்னால் ஓடி ஓடி, கடைசியில் கரையோரத்து ஒரு முழத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். சாகவில்லை, மயங்கியிருக்கின்றன, சூரியன் ஏறிக் காற்று மாறினால் தெளிந்து திரும்பிவிடும். கீழ்க்காற்று, முதல்நாள் மூடிய வானம், அசைவற்ற தண்ணீர், ஏறும் ஓதம் என்று அடையாளம் பார்த்து, இன்று ராத்திரி ஜூபிலி வரும் என்று சொல்லும் பெரியவர்கள் அங்கே உண்டு.

மீன் வருவது இயற்கை. ஆனால் மீன் வந்தால் ஊரே போய் அள்ள முடிகிறது என்பதில் அடிமனைக்குப் பங்கு இருக்கிறது. அமெரிக்கக் கடற்கரைகளில் பல இடங்களில் தண்ணீரை ஒட்டிய நிலம் தனியார் பங்களாக்களுக்குள் போய்விட்டது. ஃபேர்ஹோப்பில் மேட்டையும் கரையையும் காலனி யாருக்கும் விடாமல் பூங்காவாகவே வைத்திருந்து, 1930களில் நகராட்சியிடம் ஒப்படைத்தது. கால் மைல் நீளத்துக்குக் கடலுக்குள் நீளும் படகுத்துறையும் பொது. 2020 செப்டம்பரில் சாலி புயல் அடித்துச் சிதைத்தபோது அதைச் சரிசெய்ய வேண்டிய கவலையும் பொதுவாகத்தான் இருந்தது.

இந்தப் பூங்கா, கரை, நூலகம், பூச்செடி வைத்த தெருமுனைகள், எழுத்தாளர்களின் பழைய வாசம் எல்லாம் சேர்ந்து ஊரின் மதிப்பை எங்கோ கொண்டுபோய்விட்டன. 2010 கணக்கெடுப்பில் 15,326 பேர்; 2020இல் 22,477. ஓய்வு பெற்ற பணக்காரர்கள் தேடி வருகிறார்கள். ஊர்தான் நிலத்தின் மதிப்பை உண்டாக்குகிறது என்ற ஜார்ஜின் வாதம் அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது. பலன் யாருக்குப் போகிறது என்பதில்தான் சறுக்கல்.

ஒரு பேச்சுக்கு, ஒரு மனையின் உண்மையான வருட வாடகை மதிப்பு பத்தாயிரம் டாலர் என்று வையுங்கள். கழகம் இரண்டாயிரம்தான் வாங்குகிறது. மிச்சம் எட்டாயிரம் யாருக்கு? குத்தகைக்காரருக்கு. அவர் வீட்டை விற்கும்போது, வருடா வருடம் அந்த எட்டாயிரம் மிச்சமாகும் என்பதையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். காகிதத்தில் கட்டடம் மட்டும் விற்கிறது. காசு நிலத்துக்கும் சேர்ந்து கைமாறுகிறது. பழைய மரவீட்டுக்கு இவ்வளவு விலையா என்று மலைத்தால், விலை மரத்துக்கு இல்லை. முழு வாடகையையும் வசூலிப்பதுதான் அசல் ஒற்றை வரி. ஆனால் வாடகையை அப்படி ஏற்றினால் குத்தகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாடகைக்காகக் கழகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்த கதை ஆரம்ப காலத்திலேயே உண்டு. தவிர, கழக உறுப்பினர்களே பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். தன் வீட்டு வாடகையைத் தானே ஏற்றிக்கொள்கிற லட்சியவாதி எந்த ஊரிலும் அபூர்வம். காசில்லாத கிறுக்கர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊரில் காசில்லாத கிறுக்கர் ஒருவர் இன்று குடியேற வழியில்லை.

அந்தக் காலத்தில் வந்து குடியேறிய அப்படிப்பட்ட ஆள்களில் ஒருவர் ஹென்றி ஸ்டூவர்ட். ஐடஹோ மாநிலத்துக்காரர். காசநோய், இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, 1923இல், அறுபத்தைந்து வயதில், ஃபேர்ஹோப்புக்கு வடக்கே இருக்கும் மாண்ட்ரோஸில் பத்து ஏக்கரில் வந்து உட்கார்ந்தார். இடத்துக்கு ‘டால்ஸ்டாய் பூங்கா’ என்று பெயர் வைத்தார். ஜார்ஜின் கொள்கையில் டால்ஸ்டாய்க்கும் பெரிய பிடிப்பு; தன் கடைசிப் பெரிய நாவலின் நாயகனை, ஜார்ஜ் சொன்ன வழியில் நிலத்தைக் குடியானவர்களிடம் விட்டுவிடுபவனாகவே அவர் எழுதினார். அதே டால்ஸ்டாயின் பெயரில்தான் 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் காந்தி பண்ணை அமைத்தார். அங்கே கூடி வாழ்ந்த சத்தியாகிரகிகளில் தமிழர்கள் கணிசம்.

ஸ்டூவர்ட் தானே கான்கிரீட் கற்களை வார்த்து, தனியாளாக, வட்டமாக ஒரு வீடு கட்டினார். பதினான்கடி விட்டம், கவிழ்த்த கிண்ணம் போல மேற்கூரை, வெயிலுக்கும் புயலுக்கும் தாங்கட்டும் என்று தரைமட்டத்துக்கு இரண்டடி கீழே இறக்கிய தளம். 1926இல் முடித்தார். உள்ளே தறி போட்டுக் கம்பளம் நெய்தார். வெறுங்காலோடு நடந்தார். பார்க்க வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். 1,200 பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள், டாரோ பலமுறை. ஒரு வருடம் கெடு வாங்கியவர் இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, 1944இல் ஆரிகனுக்குப் போய், 1946இல் எண்பத்தெட்டு வயதில் காலமானார்.

அந்த உருண்டை வீடு இன்னும் நிற்கிறது. சுற்றியிருந்த பத்து ஏக்கர் இல்லை. அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, கார் நிறுத்துமிடத்தில், கோடு போட்ட தார்த்தளத்தின் ஓரமாக இருக்கிறது.